குமரி மலர் ஆசிரியர் ஏ. கே. செட்டியார்

ஏ. கே. செட்டியார் என்றவுடன் இரண்டு செய்திகளே பலர்க்கும் நினைவில் எழும். அவர் உலகம் சுற்றிய தமிழர். காந்தியடிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் ஒன்றை உருவாக்கியவர். இரண்டும் பெருமைக்குரியனவே. எனினும், அவர் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டது மூன்றாவதொரு பணி. 'குமரி மலர்' என்னும் சிறிய மாத வெளியீட்டின் வாயிலாகத் தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றுக்குரிய மூலங்களைத் தேடித் திரட்டி அச்சேற்றியதே அப்பணி.

கருப்பன் செட்டியார் என்னும் இயற்பெயருடைய அவர், 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்வது அச்சமூகத்தார்க்குப் பழக்கமான ஒன்று. இவரும் பர்மாவுக்குச் சென்றார். ஆனால், இவரை ஈர்த்தது எழுத்து. இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக அமர்ந்தார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். எழுதுகோலும் காமிராவும் அவருக்கு ஒரே தொழிலின் இரு கருவிகளாயின.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று அவருக்கு அகவை இருபத்தாறு கூட நிரம்பவில்லை. காந்தியடிகளின் இளமைக்கால நிகழ்ச்சிகளைப் புதிதாகப் படம் பிடிக்க இயலாது. முன்னரே பிறர் எடுத்தவற்றைத் தேடிப் பெறுவதே வழி. ஆகவே, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த சுருள்களிலிருந்து ஐம்பதாயிரம் அடி அளவுக்குத் திரட்டினார். அதிலிருந்து தொகுத்த 12,000 அடிப் படம், தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிடப்பட்டது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது, ஆள்வோர் ஆங்கிலேயர். அந்நிலையில் அப்படத்தை மக்கள் முன் வைப்பதற்குத் தனித் துணிவு வேண்டியிருந்தது. 1947இல் இந்தி வடிவம் தில்லியில் காட்டப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாயிற்று.

இத்தனை பெரிய முயற்சியை முடித்தவர் திரைத்துறையிலேயே தங்கிப் புகழ் தேடியிருக்கலாம். அவரோ இதழியலுக்குத் திரும்பினார். 1943இல், போர்க்காலக் காகிதப் பஞ்சத்திற்கிடையே, 'குமரி மலர்' தோன்றியது. திங்கள்தோறும் ஒரு சிறு நூலென அது வெளிவந்தது. காலம் செல்லச் செல்ல, அதன் பக்கங்களில் பழைய இதழ்களும் நூல்களும் மறுவாழ்வு பெற்றன. நூலகங்களிலும் தனியார் பேழைகளிலும் செல்லரித்துக் கிடந்தவற்றைத் தேடிப் படியெடுத்தார். நூல் வடிவம் பெறாதிருந்த பாரதியாரின் எழுத்துக்கள் சிலவும், விடுதலை இயக்கத்தைச் சார்ந்த பழைய செய்திகளும் இவ்வகையில் மீண்டன. தாம் கண்டெடுத்தவற்றின் மீது நீண்ட ஆராய்ச்சியுரைகளை அவர் ஏற்றி வைக்கவில்லை. மூலத்தைப் பிழையின்றி முன்வைத்தார்; முடிவை வாசகரிடமே விட்டார்.

இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1968ஆம் ஆண்டில் அவர் தொகுத்தளித்த 'தமிழ்நாடு' என்னும் பயணக் கட்டுரைத் தொகுதி, இந்த உழைப்பின் நற்கனி. முன்னாள் பயணிகள் நம் ஊர்களைக் கண்டு எழுதி வைத்த கட்டுரைகளை அதில் ஒருங்கே காணலாம். மாட்டுவண்டிப் பாதை, சத்திரம், சந்தை, புதிதாய் வந்த ரயில் ஆகியன அரசர் பெயர்வரிசையில் இடம்பெறா. ஆயினும் ஓர் ஊரின் வரலாறு அவற்றுள்ளும் இருக்கிறது. இதனை உணர்ந்து செயற்பட்ட முன்னோடிகளுள் செட்டியார் ஒருவர். அவருடைய 'குடகு' நூலும் ஒரு வட்டாரத்தை அதன் மக்களோடு சேர்த்துக் காணும் நோக்கில் எழுந்தது.

அவருடைய நடை எளியது; சொற்கள் அளவானவை. பயண நூல்களில்கூட நாடுகளையும் மக்களையும் காட்டுவாரேயன்றித் தம்மை முன்னிறுத்த மாட்டார். பிறர் படங்களை உலகெங்கும் தேடி அலைந்த அவர், தம் படம் அச்சில் வருவதை விரும்பாதவர். 1983இல் அவர் மறைந்தார்.

அவர் பாடுபட்டு உருவாக்கிய படத்தின் முதல் தமிழ் வடிவம் இன்று நம்மிடம் இல்லை. ஆங்கில வடிவத்தின் படி ஒன்று, அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறியப்பட்டது. ஆனால், அப்படம் உருவான வரலாறு அழியவில்லை. காரணம், அதனை அவர் 'குமரி மலரில்' எழுதி வைத்திருந்தார். அக்கட்டுரைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, 2003இல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாயின. கண்டங்கள் கடந்து திரட்டிய சுருளைக் காலம் பறித்தது; ஒரு சிற்றிதழ் அதன் கதையைக் காத்தது.

பத்தாம் ஆண்டு மலர் காணும் நம் வட்டத்தார்க்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. நம் கூட்ட அழைப்பிதழ்கள், கையெழுத்துப் படிகள், அரங்கேறிய கவிதைகள், நின்றுபோன சிற்றிதழ்கள் ஆகியவற்றை இன்று எளியன என்று எறிந்துவிட்டால், நாளை தேட ஒரு செட்டியார் பிறந்தாலும் அவர் கைக்கு எதுவும் கிட்டாது. எழுதுவோர் பலர் இருக்கும் அவையில், சேர்த்து வைப்போர் சிலரேனும் இருத்தல் வேண்டும்.