மின்னலுக்குக் காத்திருந்த பாய்ஸ்

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சென்ற ஆண்டு 'பாய்ஸ் முறை' என்ற சோதனையைச் செய்யச் சொன்னபோது, பையன்களுக்கு ஒரு முறை, பெண்களுக்கு வேறொரு முறை போலும் என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான், கேட்கவும் கூச்சம். அது ஓர் அறிஞரின் பெயர் என்று விரிவுரையாளர் சொன்ன பிறகே நூலகத்தில் அவரைத் தேடினேன்.

சார்லஸ் வெர்னான் பாய்ஸ் 1855-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விங் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இலண்டனில் சுரங்கவியல் பயின்று, இயற்பியல் ஆசிரியரானார். நல்லாசிரியர் என்று பெயரெடுத்தாரா என்றால் அதுதான் இல்லை. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான எச்.ஜி.வெல்ஸ் இவரிடம் படித்தவர். பாய்ஸ் பாடத்தை ஓட்டமாக ஓட்டிவிடுவார் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் குறைப்பட்டிருக்கிறார். என் அனுதாபம் வெல்ஸ் பக்கமே.

ஆனால் அவர் கைகளுக்கு வராத வேலை இல்லை. 1887-இல் குவார்ட்சை உருக்கி, ஓர் அம்பின் முனையில் ஒட்டி, வில்லில் வைத்து எய்தார். அம்பு பறந்த வழி நெடுக, கண்ணுக்கே புலப்படாத மெல்லிய இழை நீண்டது. அத்தகைய இழையில் சிறு தங்க உருண்டைகளைத் தொங்கவிட்டு, ஆக்ஸ்போர்டின் நிலவறையொன்றில், வண்டிகளின் அதிர்வு அடங்கிய நள்ளிரவுகளில் ஈர்ப்பு மாறிலியை அளந்தார். 1895-இல் அவர் வெளியிட்ட மதிப்பு, இன்றைய மதிப்பிலிருந்து ஆயிரத்தில் மூன்று பங்குகூட விலகவில்லை. பறக்கும் துப்பாக்கிக் குண்டையும் மின்பொறியின் ஒளியில் படம்பிடித்தார்.

அடுத்து அவர் மின்னலைப் பிடிக்க எண்ணினார். மின்னலைப் படமெடுப்பது அப்போது புதிதன்று. 1882-லேயே பிலடெல்பியாவில் ஜென்னிங்ஸ் என்பவர் எடுத்திருந்தார். ஆனால் அப்படங்களில் மின்னல் முழுக் கோடாக ஒரே நேரத்தில் பதிந்துவிடும். அது எங்கே தொடங்கி எப்படி ஓடியது என்பது தெரியாது. பாய்ஸ் 1900-இல் ஒரு காமிரா செய்தார். சுழலும் தட்டு ஒன்றில் எதிரெதிராக இரண்டு லென்சுகள். பின்னால் அசையாத படத்தகடு. தட்டு சுழலும்போது ஒரு லென்சு இடப்பக்கம் ஓடினால் மற்றது வலப்பக்கம் ஓடும். ஆகவே ஒரே மின்னலின் இரு பிம்பங்களும் எதிரெதிராகச் சாயும். இரண்டையும் ஒப்பிட்டால் எப்பகுதி முந்தி ஒளிர்ந்தது, எவ்வளவு நேரம் முந்தியது என்பது விளங்கிவிடும்.

கருவி ஆயத்தம். மின்னல்தான் அகப்படவில்லை. ஆண்டுகள் கழிந்தன. 1926-இல் நேச்சர் இதழில் தம் முறையை எழுதினார். 1928-இல் அமெரிக்காவில் லூமிஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்னல் படத்தில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 73.

இடிமழை மிகுந்த தென்னாப்பிரிக்காவில் ஷான்லண்டு என்ற அறிஞர், பாய்சின் காமிராவைக் கொண்டு 1933 முதல் மின்னல்களை அள்ளினார் என்றே சொல்லலாம். மேகத்திலிருந்து மங்கலான ஒளிக்கீற்று ஐம்பது மீட்டர் அளவில் பாய்ந்து, நின்று, மறுபடி பாய்ந்து, படிப்படியாக இறங்குகிறது. தரையை எட்டியதும், நம் கண்ணைப் பறிக்கும் பேரொளி தரையிலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. இதை அந்தப் படங்கள் காட்டின. பாய்ஸ் அதைக் காண உயிரோடிருந்தார். 1935-இல் அவருக்குச் 'சர்' பட்டம் வந்தது. 1937-இல் தோட்டத்துக் களைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1944-இல் மறைந்தார்.

என் தாத்தா வயலில் மின்னல் தாக்கி இறந்தவர். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. இன்றும் இடி இடித்தால் அர்ச்சுனா அர்ச்சுனா என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். போன ஐப்பசி விடுமுறையில், சாத்திய கதவுக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வெளிச்சம் மண்ணிலிருந்து கிளம்புகிறது என்பதை அம்மா நம்பவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்தப் பெரியவருக்குக் கடைசியில் ஒன்றாவது கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, ஒன்றே ஒன்று என்றேன்.