லூயி காமீல் மையார்

மயிலாப்பூர் மாடவீதிகளில் காப்பிக்கொட்டை வறுபடும் மணத்தையும், கல்லிலிட்ட தோசை பொன்னிறமாவதையும் அறியாதார் நம்மில் இலர். அவ்விரண்டிற்கும் பெருங்காரணமான ரசாயன வினை மையாரின் பெயரால் வழங்குகிறது.

இவர் 1878-ஆம் ஆண்டு பிரான்ஸில் பிறந்து, நான்ஸி நகரில் விஞ்ஞானமும் வைத்தியமும் பயின்றார். புரதம் உண்டாகும் வகையை ஆராயப் புகுந்து, சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினார், கலவை பழுப்பேறிற்று. 1912-இல் இதனை வெளியிட்டபொழுதே, நீரிழிவு நோய்க்கும் இவ்வினைக்கும் தொடர்பிருக்கலாமென்று கருதினார். அடுப்பிற் கண்டதை உடலிலும் எதிர்பார்த்த அத்துணிவே அவர் பெருமையென்பது எம் எண்ணம். உலகம் அன்று செவிசாய்க்கவில்லை. முதல் மகாயுத்தத்திற்குப்பின் அல்ஜீர்ஸ் நகரில் பேராசிரியராய் அமர்ந்தவர், 1936-இல் பாரிஸில் திடீரென மறைந்தார்.

1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார் நீரிழிவாளர் இரத்தத்தில் மாறுபட்ட ஹீமோகுளோபினைக் கண்டார். சர்க்கரை ஒட்டியதால் வந்த மாறுதல் அஃதெனப் பின்னர்த் தெளிவாயிற்று. இன்று அடையாற்றிலும் தியாகராய நகரிலும் செய்யப்படும் எச்பிஏ1சி சோதனை அதையே அளக்கிறது. செவ்வணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆதலின் அச்சோதனை இரண்டு மூன்று மாதக் கணக்கையே காட்டும்.

தோலிலுள்ள கொலாஜனோ பல்லாண்டு நிலைப்பது. அதிற் சர்க்கரையின் சேதம் வயதோடு சேர்கிறது. நீரிழிவாளர்க்கு விரைந்து சேர்கிறது. முன்கையிற் புறவூதா ஒளியைப் பாய்ச்சி, தோல் திரும்ப உமிழும் ஒளியைக்கொண்டு அச்சேதத்தை மதிப்பிடும் கருவியும் வந்துவிட்டது. ஆயினும் கருநிறத் தோல் ஒளியை மிகுதியாய் உறிஞ்சுமாதலின், நம்மவர்க்கு அவ்வளவைத் திருத்தியே கொள்ளவேண்டும்.