20 வினாடிக்கு ஒரு குண்டு: மருதநாயகத்தை ஜெயிக்க வைத்தது எது, வீழ்த்தியது எது?

மொபைல் கேமில் ரீலோட் பட்டனைத் தட்டினால் இரண்டு வினாடியில் துப்பாக்கி ரெடி. நிஜத்திலும் பயிற்சி பெற்ற போலீஸ்காரர் பிஸ்டலில் காலி மேகசினைக் கழற்றி புதியதைச் செருக ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொள்வார்.

ஆனால் 260 வருஷத்துக்கு முன்னால் ஒரு குண்டு சுட்டுவிட்டு அடுத்த குண்டு சுடுவதற்குள் எதிராளி ஓடிவந்து கழுத்தில் ஈட்டியை வைத்துவிடலாம். அந்த இடைவெளியைச் சுருக்கத் தெரிந்தவர்கள் நாட்டைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் அதை நன்றாகக் கற்றுக்கொண்டவர்களில் முக்கியமானவர், மருதநாயகம் என்கிற யூசுப் கான். ஊர் வழக்கில், கான்சாகிப்.

கமல்ஹாசனின் நின்றுபோன படத்தால் இந்தப் பெயர் பலருக்குத் தெரியும். 1997இல் எலிசபெத் ராணியே வந்து தொடங்கிவைத்த படம் அது. நிஜக் கதை அதைவிடச் சிக்கலானது.

யார் இந்த மருதநாயகம்?

ராமநாதபுரம் சீமையின் பனையூரில், 1720களில் பிறந்தவர் என்று சொல்லப்படுகிறது. பிறகு இஸ்லாத்துக்கு மாறி முகமது யூசுப் கான் ஆனார். சிறுவயதிலேயே ஊரைவிட்டுக் கிளம்பி, பல இடங்களில் வேலை பார்த்து, நெல்லூரில் சிப்பாய் ஆனார்.

1752இல் தன் ஆட்களோடு ராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்தார். அப்போது கர்நாடக நவாப் பதவிக்கு இரண்டு தரப்பு மோதிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலேயக் கம்பெனி, இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள். திருச்சி முற்றுகையின்போது மேஜர் லாரன்ஸின் கண்ணில் பட்டார் யூசுப் கான். எதிரிகளின் நடுவில் புகுந்து உணவு வண்டிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவர் கில்லாடி. 1754இல் கம்பெனியின் எல்லா சிப்பாய்களுக்கும் கமாண்டன்ட் ஆனார். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

ரீலோட் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

அன்றைக்கு நம் ஊர்களில் அதிகம் இருந்தது திரித்துப்பாக்கி. கொம்பிலிருந்து மருந்தைக் குழாயில் கொட்டணும். குண்டைப் போடணும். கம்பியால் இடிக்கணும். பக்கவாட்டுக் கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து வைக்கணும். எரிகிற திரியைச் சரிபார்த்துப் பொருத்தணும். இத்தனையும் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகலாம். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். எரிகிற திரிக்குப் பக்கத்தில் மருந்து சிந்தினால், சுடுகிறவருக்கே ஆபத்து.

கம்பெனி சிப்பாய் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி. திரி தேவையில்லை. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசித் தீப்பொறி பறக்கும்.

கூடவே ஒரு சின்ன விஷயமும் வந்தது: காகிதத் தோட்டா. ஒரு சுடுதலுக்கு வேண்டிய மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். கொஞ்சம் மருந்தைக் கிண்ணத்தில் போட்டு மூடுவார். மிச்சத்தைக் குழாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, இரும்புக் கம்பியால் இடிப்பார். அளந்து கொட்டுகிற வேலையே கிடையாது. கை தேர்ந்தவர் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடலாம். அதாவது 20 வினாடிக்கு ஒரு குண்டு.

வேகம் மட்டும் போதாது. கல் மழுங்கினால் பொறி வராது. மருந்து ஈரமானால் பற்றாது. தீ உள்ளே போகிற துளையைக் கரி அடைத்துவிட்டால் கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து, குண்டு கிளம்பாது. கல்லை மாற்றுவது, துளையைக் குத்திச் சுத்தம் செய்வது, மருந்தை உலர்வாக வைப்பது என எல்லாமே தினசரிப் பழக்கமாக இருக்கணும்.

அன்றைய கைத்துப்பாக்கிக்கும் இதே கதிதான். ஒரு முறைதான் சுடும். குதிரை மேல் உட்கார்ந்து மறுபடி மருந்து இடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் குதிரை வீரர்கள் பலர் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரே தீர்வு கவாத்து. ஒரே உத்தரவு, ஒரே அசைவு, நூறு கைகள். படையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி சுடும்போது இன்னொன்று மருந்து இடிக்கும். எந்த நொடியிலும் எல்லார் துப்பாக்கியும் காலியாக இருக்காது. யூசுப் கான் தலைமை தாங்கிய சிப்பாய்ப் படையின் பலம் இதுதான்.

சேத்தூர் பக்கம் என்ன நடந்தது?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற பஸ்ஸில் ஏறினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று வரிசையாக ஊர்கள் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் இந்த ஊர்கள் அன்று மறவர் பாளையங்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவர்தான் மேற்குப் பாளையங்களை நவாப்புக்கும் கம்பெனிக்கும் எதிராக ஒன்றுசேர்த்தவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலிக்கும் பொறுப்பு யூசுப் கானிடம் இருந்தது. மோதல் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

பாளையத்து வீரர்களிடம் திரித்துப்பாக்கி இருந்தது. வளரி இருந்தது. ஏறத்தாழ 18 அடி நீள ஈட்டியும் இருந்தது. கவாத்துப் படைக்கு முன்னால் ஈட்டி எடுபடுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அந்தக் காலத் துப்பாக்கி ஓரளவு குறி தப்பாமல் சுட்டது சுமார் 100 கஜத்துக்குள்தான். அந்தத் தூரத்தை ஓடிக் கடக்க 20 வினாடி போதும். முதல் வரிசை சுட்டதும் முட்புதரிலிருந்து ஈட்டிக்காரர்கள் பாய்ந்தால், அடுத்த தோட்டாவைக் கடிப்பதற்குள் கைகலப்பு. மலையடிவாரத்துக் காடு அவர்களுக்குத் துணை. அகலமான மண்கோட்டைச் சுவரோ பீரங்கிக் குண்டைச் சுலபமாகத் தாங்கிக்கொண்டது.

1759 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை யூசுப் கான் தாக்கியபோது, பூலித்தேவரின் ஆட்கள் வெளியிலிருந்தும் கோட்டைக்காரர்கள் உள்ளிருந்தும் பாய்ந்தார்கள். அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் விடவில்லை. பெரிய பீரங்கிகளோடு திரும்பி வந்தார். 1761இல் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் வீழ்ந்தன.

அப்புறம் ஏன் தூக்கில் போட்டார்கள்?

மதுரையில் அவர் நல்ல நிர்வாகி என்று பெயரெடுத்தார். குளங்களைச் சீர்செய்தார். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு உரிய மானியங்களைத் திரும்பக் கிடைக்கச் செய்ததாகவும் சொல்லப்படுகிறது. செல்வாக்கு வளர வளர நவாப் முகமது அலிக்கு உறுத்தியது. கம்பெனி நவாப் பக்கம் நின்றது. 1763இல் யூசுப் கான் இரண்டு பேரையும் எதிர்த்து நின்றார். பிரெஞ்சுக்காரர்கள் சிலர் அவரோடு சேர்ந்தார்கள்.

இப்போது இரண்டு பக்கமும் ஒரே கவாத்து, ஒரே தோட்டா. அந்த வருஷம் மதுரையை முற்றுகையிட்ட கம்பெனிப் படை, மழைக்காலத்தில் விலகிப்போனது. 1764இல் மறுபடி வந்தது. ஜூன் மாதம் நடந்த நேரடித் தாக்குதலையும் யூசுப் கானின் படை முறியடித்தது. பிறகு கம்பெனி கோட்டைக்குச் சாப்பாடு போகிற வழியை அடைத்தது. உள்ளே பசி. பசியிலிருந்து சந்தேகம்.

அக்டோபர் 13ஆம் தேதி, பிரெஞ்சுத் தளபதி மர்ஷான் உட்பட அவருடைய ஆட்களே அவரைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்பது வழக்கில் உள்ள கதை. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அக்டோபர் 15ஆம் தேதி மதுரைக்கு அருகே தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்க இடம் இன்றும் இருக்கிறது.

ஹீரோவா, வில்லனா?

மதுரையில் நின்று பார்த்தால் அவர் கம்பெனியை எதிர்த்து உயிர்விட்டவர். சேத்தூர், வாசுதேவநல்லூர் பக்கம் நின்று பார்த்தால் பூலித்தேவரை முறியடித்து, கம்பெனிக்கு வழி திறந்துவிட்டவர். இரண்டும் உண்மை.

அவர் இறந்து மூன்றே வருஷத்தில், 1767இல், கர்னல் டொனால்டு கேம்பல் தலைமையில் கம்பெனிப் படை இதே மலையடிவாரத்துக்கு வந்தது. வாசுதேவநல்லூரில் மறுபடியும் கடும் சண்டை. அன்றைக்கும் தோட்டாவைக் கடித்து, மருந்து இடித்து, சுட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான். அந்தக் கவாத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் கையில்தான் கடைசியில் நாடு போய்ச் சேர்ந்தது.