தேனித் தோட்டம் வரை ஓடும் டி.வி.எஸ்... அந்த 3 எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் யார்?

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் ரோட்டுல நின்னாலும் அந்த வண்டியைப் பார்க்காமல் வர முடியாது. திராட்சைப் பெட்டி, வாழைத்தார், பால் கேன், புல்லுக்கட்டு... எதை ஏத்தினாலும் கிளம்பிடும். அதை யாரும் மொபெட் என்று சொல்வதில்லை. 'டி.வி.எஸ்.' அல்லது 'எக்ஸ்.எல்.', அவ்வளவுதான்.

டி.வி.எஸ். என்பது ஒரு மனிதரின் பெயர். திருக்குறுங்குடி வெங்கரம் சுந்தரம் அய்யங்கார் என்பதன் சுருக்கம். ஆனா அவர் ஒரு மொபெட்டைக்கூட தயாரிச்சதில்லை. டி.வி.எஸ். 50 ரோட்டுக்கு வந்தபோது அவர் இறந்து 25 வருஷம் ஆகியிருந்தது.

அப்புறம் எப்படி அவர் பெயர் மேல ஜனங்களுக்கு இவ்வளவு நம்பிக்கை?

வக்கீல், ரயில்வே, பேங்க்... பிறகு பஸ்

சுந்தரம் அய்யங்கார் பிறந்தது 1877 மார்ச் 22. சொந்த ஊர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடி.

அப்பாவின் விருப்பப்படி முதலில் வக்கீல் ஆனார். பிறகு ரயில்வேயில் வேலை. அதன்பின் பேங்க். மூன்றும் அந்தக் காலத்தில் மரியாதையான, நிம்மதியான வேலைகள். மூன்றையும் விட்டுவிட்டு, 1911-ல் மதுரையில் பஸ் தொழிலில் இறங்கினார். அப்போ அவருக்கு வயது 34.

இன்றைக்குக் கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா 1911-ல் மோட்டார் வண்டி என்பதே அபூர்வம். ரோடு பெரும்பாலும் மண்ணும் சரளையும்தான். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போகும் பாதையில், கப்பலில் வந்து இறங்கிய இயந்திரத்தை ஓட்டணும். ரிப்பேர் ஆனா பார்க்க மெக்கானிக் கிடையாது, பார்ட்ஸ் கடையும் கிடையாது.

பஸ்ஸை வாங்குவது ஈசி, ஓட வைப்பதுதான் கஷ்டம்

சுந்தரம் அய்யங்காரின் தொழிலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும். பணம் இருந்தா வண்டி வாங்கிடலாம். ஆனா தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பணும், வழியில நிக்கக் கூடாது. அதற்கு ஒர்க்‌ஷாப் வேணும், பயிற்சி பெற்ற ஆள் வேணும், ஸ்டாக்கில் உதிரி பாகம் வேணும். அவர் காசைப் போட்டது இதில்தான்.

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைச் சரிசெய்வாங்க என்ற பேச்சு மதுரை வட்டாரத்தில் இன்றும் உண்டு. இன்னொரு கதையும் சொல்வார்கள். மாட்டுக்கு அடிக்கும் லாட ஆணி கழன்று ரோட்டில் கிடக்கும், அது குத்தினா பஸ் டயர் பஞ்சர். அந்த ஆணிகளைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் விட்டாராம்.

பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவது ஒரு வகை. பஞ்சரே ஆகாமல் பார்ப்பது இன்னொரு வகை. ஜனங்க நினைவில் அவர் இரண்டாவது வகை ஆளாகத்தான் தங்கியிருக்கிறார்.

பிராண்டு அமெரிக்காவுடையது, நம்பிக்கை மதுரைக் கடை மேல

காலப்போக்கில் பஸ், லாரிகள் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் ஓடின. கூடவே மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் நிறுவனங்களும் வந்தன. வண்டி விற்பது, உதிரி பாகம் தருவது, சர்வீஸ் செய்வது என எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில்.

1950-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்குப் பெரிய விநியோகஸ்தராக சுந்தரம் மோட்டார்ஸ் இருந்தது. கவனிங்க, வண்டியைத் தயாரித்தது வேறு நாட்டுக் கம்பெனி. ஆனா வாங்கினவருக்குப் பிரச்சினைன்னா அவர் போய் நிற்பது டி.வி.எஸ். வாசலில்தான்.

பிராண்டு விசுவாசம் என்று இன்று சொல்கிறோமே, அது தென் தமிழ்நாட்டில் இப்படித்தான் உருவானது. தயாரிச்சவரைவிட, பழுது பார்த்துக் கொடுத்தவர் மேல வந்த நம்பிக்கை அது.

பெட்ரோல் இல்லாத காலத்தில் கரியில் ஓடிய பஸ்

இந்த நம்பிக்கைக்குப் பெரிய சோதனை இரண்டாம் உலகப்போர். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வருவதும் சிக்கலானது. 1942-ல் மலாயாவை ஜப்பான் பிடித்ததும் உலகத்துக்கே ரப்பர் தட்டுப்பாடு. டயர் தேய்ந்தால் புது டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பஸ்ஸை ஷெட்டில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில், சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தார்.

அது எப்படி வேலை செய்யும்? வண்டியோடு ஒரு பெரிய டிரம் பொருத்தப்படும். அதில் கரியைப் போட்டு, குறைவான காற்றில் எரிய விடுவாங்க. முழுசா எரியாததால் கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பினா பெட்ரோலுக்குப் பதில் அதுவே எரியும். இதுதான் பழைய ஆட்கள் சொல்லும் 'கரி பஸ்'.

குறைகள் நிறைய. கிளம்புவதற்கு முன் கரியை மூட்டிக் காத்திருக்கணும். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது. மேடு ஏறத் திணறும். ஆனா பஸ் ஓடியது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்களுக்கு அதுதானே முக்கியம்?

டயருக்கும் ஒரு வழி கண்டார். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பதித்து மறுபடி ஓட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையைத் திறந்தார். தூக்கிப்போட வேண்டியதை இன்னொரு ரவுண்டு ஓட வைப்பது என்ற பழக்கம் இப்படி ஒரு தொழிலாகவே மாறியது.

மகளின் பாதை

சுந்தரம் அய்யங்கார், லட்சுமி தம்பதியின் மகள் சௌந்தரம். சின்ன வயதிலேயே திருமணம். டாக்டரான கணவர், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது அதே நோயால் இறந்தார். விதவைப் பெண் வீட்டுக்குள் முடங்கணும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. சௌந்தரம் டெல்லி போய் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். அதற்குக் குடும்பம் துணை நின்றது.

பிறகு வேறு சமூகத்தைச் சேர்ந்த காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய அவர் முடிவெடுத்தபோது, வீட்டில் எதிர்ப்பு இருந்தது. இருந்தும் 1940-ல் காந்தி முன்னிலையில் திருமணம் நடந்தது. இந்தத் தம்பதி 1947-ல் தொடங்கியதுதான் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம்.

பஸ் போச்சு, பேர் போகல

தொழில் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்த சுந்தரம் அய்யங்கார், 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். வயது 78.

தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமை ஆக்கியபோது குடும்பத்தின் பஸ் தொழிலும் அரசுக்குப் போனது. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழிலே கைவிட்டுப் போனது. ஆனா ஒர்க்‌ஷாப், உதிரி பாகம், சர்வீஸ் என்று அவர் கட்டி வைத்தது தங்கியது.

8 வருஷம் கழித்து அந்தப் பெயர் வேறு வடிவில் ரோட்டுக்கு வந்தது. வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்துவந்த குடும்ப நிறுவனமான சுந்தரம்-கிளேட்டன், பேரன் வேணு சீனிவாசன் காலத்தில், ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்டது.

அதற்கு முன்பே 1972-ல் புனேவின் லூனா வந்திருந்தது. டி.வி.எஸ். 50-ன் விசேஷம், இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்பதுதான். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து போகலாம். பின்சீட்டில் ஆள் இல்லைன்னா மூட்டை ஏறும். பைக் வாங்க முடியாத வீடுகளுக்கு அதுதான் முதல் மோட்டார் வண்டி ஆனது.

தேனியில் மட்டும் ஏன் இவ்வளவு ஒட்டுதல்?

1996-ல் தனி மாவட்டம் ஆகும் வரை தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. டி.வி.எஸ். என்ற பெயர் இங்கே புதுசா அறிமுகம் ஆக வேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு காரணம் ரயில். மதுரையிலிருந்து 1928-ல் போட்ட பாதை போடியோடு முடிகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் ரயிலே கிடையாது. தோட்டத்துக்கும் கமிஷன் கடைக்கும் நடுவில் எல்லாமே ரோடுதான். அந்த இடைவெளியை நிரப்புவது இந்த 2 சக்கர மாட்டு வண்டி. திராட்சை அறுத்தா காத்திருக்காது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அன்றைய விலை போச்சு. அப்போ எந்த வண்டியை ஊருக்குள்ளேயே சரிசெய்ய முடியுமோ, அதைத்தான் விவசாயி வாங்குவார்.

பழைய வண்டி இன்னும் ஓடுவது எப்படி?

பழைய டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். எல்லாம் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். இதில் தனி ஆயில் டேங்க் கிடையாது. பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு தரும். ஆயில் குறைந்தா பிஸ்டன் பிடிச்சுக்கும். அதிகமானா புகை கக்கும், பிளக் அடைச்சுக்கும், சைலன்சரில் கரி சேரும். அதனால்தான் இழுவை குறைந்ததும் மெக்கானிக் முதலில் பிளக்கையும் சைலன்சரையும் பார்க்கிறார். கரியை எடுத்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகளுக்கு உயிர் திரும்பிடும்.

புகை கட்டுப்பாடுகள் கடுமையானதால் டூ ஸ்ட்ரோக் காலம் முடிந்தது. 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்.எல். 100 வந்தது. பழசை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அதன்பின் தகுதிச் சோதனை முடித்து, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். புதுப்பிக்காமல் ஓட்டினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரும்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் எத்தனை நாள் ஓடும் என்பதை, பார்ட்ஸ் கிடைப்பதும் அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பதும்தான் முடிவு செய்யும். 1911-ல் ஒரு பஸ் முதலாளிக்கு இருந்த அதே இரண்டு கவலை. சுந்தரம் அய்யங்கார் 44 வருஷம் பதில் தேடியதும் அதற்குத்தான். அந்தப் பதில் பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் வரைக்கும், கம்பத்துக்காரர் வேறு வண்டிக்கு மாற மாட்டார்.