றொபேட் ஹச்சின்ஸும் பொதுக் கல்வியும்

பல்கலைக் கழகத்துட் புகும் மாணவர் தாம் விரும்பிய ஒரு துறையை மாத்திரம் கற்றுப் பட்டம் பெறலாமா, அன்றி எத்துறையினராயினும் யாவரும் பொதுவாகக் கற்றே தீரவேண்டியன சில உளவா என்னும் வினா, அமெரிக்க ஐக்கிய நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகின்றது. ஹாவாட் பல்கலைக் கழகத்தில் 1869 முதல் 1909 வரை தலைவராயிருந்த சாள்ஸ் எலியட் என்பார் கட்டாய பாடங்களைப் படிப்படியாக நீக்கி, மாணவர் தாம் வேண்டியவற்றைத் தாமே தெரிந்தெடுக்கும் முறையை நிலைநாட்டினார். அம்முறை பிற கல்லூரிகளிலும் பரவியது. பழைய நெட்டுருக் கல்வியினின்றும் அது பலரை விடுவித்ததென்பதை மறுத்தல் கூடாது. ஆயினும், ஒரே ஆண்டில் ஒரே கல்லூரியிற் பட்டம் பெற்ற இருவர், தாம் இருவரும் கற்ற நூலென்று ஒன்றையேனும் எடுத்துக் கூறுதற்கு இயலாத நிலையும் அதனால் உண்டாயிற்று. இந்நிலையை மாற்றப் பெரிதும் போராடியவர் றொபேட் மெயினாட் ஹச்சின்ஸ் ஆவர்.

ஹச்சின்ஸ் 1899ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆந் தேதி நியூ யோர்க் நகரைச் சேர்ந்த புறுக்ளினிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய போதகர்; பின்னர் ஓபலின் கல்லூரியிற் பேராசிரியராகவும் பெறியாக் கல்லூரியில் தலைவராகவும் விளங்கியவர். மைந்தர் ஓபலினிற் கற்கும்போதே அமெரிக்கா முதலாம் உலகப் போரிற் புகுந்தமையால், இத்தாலியிற் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டிப் படையிற் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்தபின் யேல் பல்கலைக் கழகத்தில் வேலை செய்து பொருளீட்டிக்கொண்டே கற்று 1921இற் பட்டம் பெற்றார். 1925இற் சட்டப் பட்டமும் பெற்று, சில ஆண்டுகளுக்குள் அங்கேயே சட்டக் கல்லூரியின் தலைவரானார். 1929இற் சிக்காகோப் பல்கலைக் கழகத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது!

சிக்காகோப் பல்கலைக் கழகம் ரொக்கபெல்லர் என்னும் பெருஞ் செல்வரின் நன்கொடையால் எழுந்து 1892இல் வகுப்புக்களைத் தொடங்கியது. ஆராய்ச்சியால் அது பெரும் புகழ் ஈட்டியிருந்தது. பட்டத்துக்கு முந்திய மாணவரோ பேராசிரியர் பலர் கண்ணுக்கு ஒரு சுமையாகவே தோன்றினர். இந்தக் கடைப்பட்ட பகுதியையே புதிய தலைவர் தம் முதற் கவலையாகக் கொண்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. தாம் இரண்டு பட்டங்கள் பெற்றிருந்தும், மனித குலத்தின் தலைசிறந்த நூல்களுட் பலவற்றைத் திறந்தும் பாராதவராகவே இப்பதவிக்கு வந்ததை அவர் உணர்ந்தார். அதனைப் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதவும் செய்தார். பட்டம் பெற்ற ஒருவர் தமது கல்வியின் குறையை இவ்வாறு ஒளியாது கூறுதல் அரிது. கொலம்பியாப் பல்கலைக் கழகத்தினின்றும் அவர் அழைத்து வந்த மோட்டிமர் அட்லர் என்னும் இளைஞரோடு சேர்ந்து, முதலாண்டு மாணவர் சிலருக்கு அந்நூல்களைத் தாமே கற்பிக்கத் தொடங்கினார். பல்கலைக் கழகத் தலைவர் வகுப்பறையில் அமர்ந்து பிளேட்டோவைப் பற்றி மாணவரை வினாவுதல் அக்காலத்திற் பெரும் புதுமையாயிருந்தது.

1931இற் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம், மனிதப் பண்பியல் என்னும் நான்கு பரப்பிலும் பொதுப் பாடநெறி வகுக்கப்பட்டது. மருத்துவம் நாடியவரும் இலக்கியம் நாடியவரும் ஒருங்கே அவற்றைக் கற்றனர். வகுப்புக்கு வருதல் மாணவர் விருப்பம். பாட முடிவில் நிகழும் ஆறு மணி நேர முழுப் பரீட்சையிற் சித்தியெய்துதலே வேண்டப்பட்டது. அப்பரீட்சையை நடத்தியவர் வகுப்பாசிரியரல்லர். தனியான ஒரு பரீட்சைச் சபையார். எனவே ஆசிரியர், மாணவரின் நீதிபதியாயிருந்த நிலை நீங்கி, அவர் பக்கம் நின்று துணைபுரிபவரானார். இதன் அருமையை ஆசிரியத் தொழிலில் உள்ளவர் நன்கறிவர்.

1936இல் ஹச்சின்ஸ் அமெரிக்காவின் உயர் கல்வி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பல்கலைக் கழகங்கள் பணத்தின் பின்னும், தொழிற் பயிற்சிகளின் பின்னும் ஓடித் தம் நோக்கத்தை இழந்தன என்று அதிற் கடிந்தார். அவரை எதிர்த்தெழுந்தவர் எளியவரல்லர். முன்னொருகாற் சிக்காகோவிலேயே கற்பித்த ஜோன் டூயி என்னும் தத்துவ ஞானியார். என்றும் மாறா உண்மைகள் இவையென எவர் வரையறுப்பது, அவ்வதிகாரம் எவருக்குண்டு என்று அவர் வினாவினார். ஹச்சின்ஸ் இதற்குச் சாதுரியமாக மறுமொழி கூறினாரேயன்றி முற்றாக விடையிறுத்தாரென்று சொல்லுதற்கில்லை.

அவர்தம் துணிவுக்குச் சான்றுகள் பல. 1935இல் மருந்துக் கடைகள் பலவற்றுக்கு உரிமையாளரான வால்கிறீன் என்பார், பல்கலைக் கழகத்திற் பொதுவுடைமை போதிக்கப்படுகின்றதெனக் குற்றஞ்சாட்டித் தம் மருமகளைப் படிப்பினின்றும் நிறுத்தினார். மாநிலச் சட்டசபை விசாரணை வைத்தது. ஹச்சின்ஸ் ஆசிரியர் ஒருவரையும் கைவிடாது நின்று வென்றார். ஈராண்டின் பின் அவ்வணிகரே பெருந்தொகை நன்கொடை வழங்கினார். 1937இல் நம்மவரான சுப்பிரமணியன் சந்திரசேகர் அப்பல்கலைக் கழகத்து வானியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலே, நிறங் காரணமாக அவர் நகர வளாகத்திற் கற்பித்தலை ஒரு துறைத் தலைவர் தடுக்க முற்பட்டபோது, அத்தடையை நீக்கி அவரைக் கற்பிக்கச் செய்தவரும் ஹச்சின்ஸே. 1983இல் நோபெற் பரிசு பெறுங் காலத்தும் சந்திரசேகர் அப்பல்கலைக் கழகத்திலேயே இருந்தார்.

1939இல் ஹச்சின்ஸ் பல்கலைக் கழகத்தின் உதைபந்தாட்டக் குழுவையே ஒழித்தார். அமெரிக்க முறையான அவ்வாட்டத்தில் ஒருகாலத்திற் கொடிகட்டிப் பறந்த சிக்காகோ, அவ்வாண்டு மிச்சிக்கன் குழுவிடம் 85க்குப் பூச்சியம் எனத் தோல்வியுற்றிருந்தது. எனினும், நம் துடுப்பாட்டப் போட்டியை ஓர் அதிபர் நிறுத்தினால் இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் என் செய்வரென்பதை எண்ணிப் பார்ப்பின், அவர் எத்துணைப் பகையைத் தேடிக்கொண்டாரென்பது விளங்கும். ஆட்டமொழிந்த அவ்வரங்கின் பார்வையாளர் மேடையின் கீழேதான் 1942 டிசெம்பர் 2ஆந் தேதி, மனிதர் ஆக்கிய முதலாவது அணுத் தொடர்வினை நிகழ்ந்தது. அதற்கு இடமளித்தவர் அவரே. குண்டு வீழ்ந்தபின் உலகம் முழுவதற்கும் ஒரே அரசு வேண்டுமென வாதாடியவரும் அவரே.

அவ்வாண்டிலேயே தம் கல்வித் திட்டத்தை அதன் எல்லைக்குக் கொண்டு சென்றார். உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு கற்ற மாணவரைச் சேர்த்து, நான்காண்டுப் பொதுக் கல்வி அளித்து, அதற்கே கலைமாணிப் பட்டம் வழங்குவதென முடிவாயிற்று. தனித்துறைக் கல்வி யாவும் அதன் பின்னரே. முழு வளர்ச்சி பெற்ற நாளில் அத்திட்டத்தில் 14 முழுப் பரீட்சைகள் இருந்தன. முன்னரே அறிந்த பாடங்களைத் தகுதிகாண் பரீட்சையால் விலக்கிக் கொள்ளலாம். பாடப் புத்தகங்களுக்குப் பதிலாக மூல நூல்களையே சிறு குழுக்களாயமர்ந்து கற்றனர். விஞ்ஞானத்தையும் கண்டுபிடித்தோரின் கட்டுரை வாயிலாகவே கற்றனர்.

நமது நாட்டில் க. பொ. த. சாதாரண தரம் முடித்த பிள்ளை, கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம், தொழினுட்பம் என ஒரு பிரிவுட் புகுகின்றது. அதன்பின் விஞ்ஞான மாணவர் ஒரு செய்யுளையோ, கலை மாணவர் ஒரு சமன்பாட்டையோ கற்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஹச்சின்ஸ் பிரிக்காது வைத்திருந்த வயதிலேயே நாம் பிரித்து விடுகின்றோம்.

அவர் திட்டம் நீடிக்கவில்லை. இருபது வயதளவிற் பெற்ற அப்பட்டத்தைப் பிற பல்கலைக் கழகங்கள் பல தம் பட்டத்துக்கு ஒப்பாக ஏற்க மறுத்தன. மாணவர் தொகையுங் குறைந்தது. 1951இல் அவர் விலகிப் போட் நிதியத்துக்குச் சென்றார். 1953இற் பேராசிரியர் சபையார் பொதுக் கல்வியைச் சுருக்கித் தனித்துறைக் கல்வியை மீண்டும் பட்டத்துட் சேர்த்தனர். தாம் சென்றபின் தம் கல்லூரி இவ்வாறு மாற்றப்பட்டதைக் கண்டும் அவர் 1977 மே மாதம் வரை வாழ்ந்தார். அக்காலத்திற் பெரும்பகுதியைக் கலிபோணியாவில், மக்களாட்சி நிறுவகங்களை ஆராயும் நிலையம் ஒன்றை நடத்திக் கழித்தார்.

அவர் பதிப்பாசிரியராயிருந்து 1952இல் வெளியிட்ட பெருநூல் வரிசை 54 தொகுதிகளைக் கொண்டது. அவற்றுட் கீழைத் தேயத்து நூல் ஒன்றும் இல்லை. யாவர்க்கும் பொதுவென வகுத்த கல்வியிலே திருக்குறளுக்கும் உபநிடதத்துக்கும் இடமின்றிப் போனமை, தமிழாசிரியனாகிய எனக்குப் பெருங் குறையாகவே தோன்றுகின்றது. ஆயினும் அவர் கல்லூரியே இக்குறையை ஓரளவு நீக்கியது. 1956 முதல் இந்திய நாகரிகம் அங்கு பொதுப் பாடமாயிற்று. 1960களில் ஏ. கே. இராமானுசன் அங்கு ஆசிரியராகித் தமிழைக் கற்பித்தார்; குறுந்தொகைச் செய்யுட்கள் பலவற்றை ஆங்கிலமாக்கி 1967இல் வெளியிட்டார்.

1990களின் இறுதியிற் சிக்காகோவின் கட்டாய பொதுப் பாடங்கள் மேலும் குறைக்கப்பட்டபோது, அதனை உரத்த குரலில் எதிர்த்தவருட் பழைய மாணவர் பலர் இருந்தனர். குறைப்பு நடந்தேயாயிற்று. எனினும் இன்றும் அங்கு பௌதிகம் கற்க வருபவர் இலக்கியமும் தத்துவமும் நாகரிக வரலாறும் ஓரளவு கற்றே பட்டம் பெறுகின்றனர். இலக்கியம் கற்க வருபவரும் விஞ்ஞானமும் கணிதமும் கற்றே வெளிச்செல்கின்றனர்.