வீடுகள் எழாத குன்று: ஒக்டேவியா ஹில் அம்மையாரின் வாழ்க்கை

லண்டன் மாநகரின் வடக்கே பார்லிமெண்ட் ஹில் என்றொரு குன்று உள்ளது. காற்று வீசும் நாள்களில் சிறுவர்கள் அங்கே பட்டம் விடுகிறார்கள். உச்சியில் நின்றால் செயின்ட் பால் பேராலயத்தின் கோபுரம் வரை நகரம் விரிந்து கிடப்பது தெரியும். நிலத்தின் விலை கொள்ளை விலையாக உள்ள ஒரு நகரில், அந்தக் குன்றும் அதைச் சுற்றிய புல்வெளியும் வீடமைப்புத் திட்டமாக மாறாமல் இருப்பது தற்செயல் அல்ல. அதற்காகப் போராடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஒக்டேவியா ஹில். அவருக்குச் சொத்து இல்லை, பதவி இல்லை, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைகூட இல்லை.

1838ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், இங்கிலாந்தின் கிழக்கே விஸ்பெக் என்ற சிற்றூரில் ஒக்டேவியா பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஹில் தானிய வணிகர். ஒக்டேவியா அவருடைய எட்டாவது மகள். பெயரின் பொருளும் அதுதான். குழந்தைக்கு இரண்டு வயதாகும் முன்பே தந்தையின் தொழில் நொடித்துப் போனது. பிறகு அவர் மனநலமும் குன்றியது. குடும்பப் பாரம் முழுவதும் தாய் கரோலினின் தலையில் விழுந்தது. தாய்வழித் தாத்தா டாக்டர் சவுத்வுட் ஸ்மித் கைகொடுத்தார். லண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், அழுக்கும் நெரிசலும் ஏழைகளை எப்படிக் கொல்கின்றன என்பதை நேரில் கண்டு எழுதியவர். பேத்தி அந்தச் செய்திகளைக் கேட்டே வளர்ந்தார்.

குடும்பம் லண்டனுக்கு அருகே ஃபின்ச்லி என்ற கிராமத்தில் குடியேறியது. வயலும் வேலியும் குளமுமாக இருந்த அந்த ஊரில்தான் ஒக்டேவியாவின் பிள்ளைப் பருவம் கழிந்தது. பதினான்கு வயதிலேயே வேலைக்குப் போனார். லண்டன் நகருக்குள், ஏழைச் சிறுமிகள் பொம்மை செய்யும் ஒரு பட்டறையை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தச் சிறுமிகளில் பலர் ஒரே அறையில் பலர் அடைந்து வாழும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஓய்வு நேரத்தில் அவர்களை நகருக்கு வெளியே நடத்திக்கொண்டு போவார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு புல்தரையாவது இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டது அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துத்தான்.

1865இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின், தந்தை விட்டுச் சென்ற பணத்திலிருந்து மேரிலபோன் பகுதியில் மூன்று பாழடைந்த வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து ஒக்டேவியாவிடம் ஒப்படைத்தார். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருமானம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒக்டேவியா வாரந்தோறும் தாமே வாசலில் நின்று வாடகை வாங்கினார். பாக்கி வைக்க விடமாட்டார், கண்டிப்பானவர். ஆனால் கூரை ஒழுகினால் அன்றே கேட்பார், சாக்கடை அடைத்தால் ஆள் அனுப்புவார். ஐந்து விழுக்காடு போக மிஞ்சியது பழுதுபார்ப்புக்கும் குடியிருப்போர் விரும்பிய வசதிகளுக்கும் போனது. அடுத்த ஆண்டு ஃபிரெஷ்வாட்டர் பிளேஸ் என்ற இடத்தில் மேலும் சில வீடுகள் வந்தபோது, பக்கத்து வெற்றிடத்தைப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாக்கினார்.

அவருடைய முதல் பெரிய நிலப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. 1875இல், ஹேம்ஸ்டெட் செல்லும் வழியில் இருந்த சுவிஸ் காட்டேஜ் வயல்வெளியில் வீடுகள் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. மேரிலபோன் சந்துகளில் வாழ்ந்தவர்கள் நடந்தே போய்ச் சேரக்கூடிய புல்வெளி அது. ஒக்டேவியா பணக்காரர்களுக்கும் பிரமுகர்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். கேட்கப்பட்ட விலை 10,000 பவுன். மூன்றே வாரங்களில் 8,000 பவுனுக்கு மேல் வாக்குறுதி திரண்டது. இன்னும் சில நாள் கிடைத்திருந்தால் மீதியும் வந்திருக்கும். ஆனால் நிலவுடைமையாளர்கள் விற்பதில்லை என்று பின்வாங்கிவிட்டார்கள். வயல்வெளியில் சாலை போடப்பட்டது, மாளிகைகள் எழுந்தன. ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ என்ற அந்தச் சாலை இன்றும் லண்டனின் பணக்காரச் சாலைகளில் ஒன்று.

இந்தத் தோல்விதான் அவரைப் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தோடு நெருங்க வைத்தது. 1865இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் வழக்கறிஞர் இராபர்ட் ஹண்டர். பழைய இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் பொதுமேய்ச்சல் நிலம் இருந்தது. நிலம் பிரபுவுடையது, ஆனால் அதில் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊர்மக்களுக்கு உரிமை உண்டு. பிரபுக்கள் வேலி போட்டு அந்த உரிமையை விழுங்கி வந்தார்கள். எப்பிங் காட்டு வழக்கில் அந்த வேலிகள் சட்டவிரோதம் என்று 1874இல் தீர்ப்புப் பெற்றுக் கொடுத்த குழுவில் ஹண்டர் முக்கியமானவர். ஆனால் சுவிஸ் காட்டேஜ் வயல் போன்ற தனியார் நிலத்துக்கு இந்தச் சட்டம் உதவாது. அங்கே ஒரே வழி, விலை கொடுத்து வாங்குவதுதான்.

ஹேம்ஸ்டெட் ஹீத் என்ற புகழ்பெற்ற வெட்டவெளிக்கு ஏற்கெனவே ஒரு நீண்ட கதை இருந்தது. அதன் உடைமையாளர் சர் தாமஸ் மேரியன் வில்சன் அங்கே மாளிகைகள் கட்ட விரும்பினார். தந்தையின் உயில் குறுக்கே நின்றதால், 1829 தொடங்கி நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப மசோதா கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பில் கவிழ்ந்தது. வரப்போகும் மாளிகைகளுக்காக அவர் கட்டிய பாலம் மட்டும் இன்றும் அங்கே நிற்கிறது, மாளிகைகள் இல்லாமல். 1869இல் அவர் இறந்தபின், தம்பி ஜான் அந்த நிலத்தை விற்கச் சம்மதித்தார். 1871இல் 45,000 பவுனுக்கு ஹீத் பொதுச் சொத்தானது.

அத்தோடு தீரவில்லை. ஹீத்தை ஒட்டியிருந்த பார்லிமெண்ட் ஹில் வயல்கள் தனியார் கையில் இருந்தன. 1880களில் நகரம் வேகமாக வடக்கே நகர்ந்தது. அந்த வயல்களில் வீடு எழுந்தால் ஹீத் சுவர்களுக்கு நடுவே சிக்கிய தீவாகிவிடும். குன்றின் மேலிருந்து தெரியும் காட்சியும் வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். ஒக்டேவியா, ஷா-லெஃபெவ்ர் போன்றோருடன் சேர்ந்து களத்தில் இறங்கினார். இம்முறை தனியார் நன்கொடையை மட்டும் நம்பவில்லை. மாநகர வாரியம், பக்கத்து வட்டாரச் சபைகள், அறநிதி என்று எல்லாக் கதவையும் தட்டினார்கள். 1886இல் வாங்குவதற்கான சட்டம் நிறைவேறியது. வயல் என்றாலும் கட்டுமான நிலத்துக்குரிய விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. மொத்தம் ஏறத்தாழ 300,000 பவுன். 1889இல் அந்த வயல்கள் ஹீத்தோடு இணைந்தன.

எல்லா வெற்றியும் இவ்வளவு பெரிதல்ல. அக்காள் மிராண்டா தொடங்கிய கைர்ல் சங்கத்தின் மூலம், மூடப்பட்ட பழைய இடுகாடுகளை நகருக்குள் பூந்தோட்டங்களாக்க முயன்றார். ஏழைகளுக்கு வீட்டுக்குள் இல்லாத வரவேற்பறை வெளியிலாவது இருக்கட்டும் என்பது அவர் கருத்து. 1887இல் சவுத்வார்க்கில், தீப்பிடித்து அழிந்த காகிதத் தொழிற்சாலை இருந்த இடத்தில் ரெட் கிராஸ் தோட்டம் உருவானது. 1890இல் வாக்ஸ்ஹால் பூங்கா திறக்கப்பட்டது. அதுவும் வீடுகளாகவிருந்த நிலம்தான். லூவிஷமில் ஹில்லி ஃபீல்ட்ஸ் 1896இல் மக்களுக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு நிலத்துக்கும் புதிதாகப் போராடுவது அவரைக் களைப்படையச் செய்தது. டெட்ஃபோர்டில் ஒருவர் தம் தோட்டத்தைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் தர முன்வந்தபோது, அதை வாங்கி என்றென்றும் வைத்துக்கொள்ளத் தகுதியான சட்ட அமைப்பே நாட்டில் இல்லை என்பது தெரிந்தது. அப்படியோர் அமைப்பு வேண்டும் என்றார் ஹண்டர். ஒக்டேவியா 1885இல் அதற்கு ஒரு பெயர் சொல்லிக் கடிதம் எழுதினார்; ஹண்டர் அந்தக் கடிதத்தின் மேலேயே தேசிய அறக்கட்டளை என்று கேள்விக்குறியோடு குறித்து வைத்தார். பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லியும் சேர, 1895 ஜனவரியில் நேஷனல் டிரஸ்ட் பிறந்தது. முதல் நிலம், வேல்ஸில் கடலைப் பார்த்த நாலரை ஏக்கர் மலைச்சரிவு. 1907ஆம் ஆண்டுச் சட்டம், அறக்கட்டளை தன் நிலத்தை விற்க முடியாததாக அறிவிக்கும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. பின்னால் வரும் நிர்வாகிகள் பணத்தேவை என்று சொன்னாலும் விற்க முடியாது. இன்று அதன் கையில் இரண்டரை இலட்சம் ஹெக்டர் அளவுக்கு நிலம் உள்ளது.

அவருடைய எல்லாக் கருத்தையும் இன்று ஏற்க முடியாது. நகராட்சியே ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதை எதிர்த்தார். அரசு முதியோர் ஓய்வூதியத்தை விரும்பவில்லை. பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வேண்டாம் என்று பத்திரிகைக்கே எழுதினார். வாழ்நாளெல்லாம் பெண்களுக்கு வாடகை வசூலிப்பும் கணக்கும் நிர்வாகமும் கற்றுத் தந்து, அவர்களைச் சம்பளத்துக்குத் தகுதியாக்கியவர் அப்படி எழுதியது விந்தைதான். ரஸ்கினோடு 1877இல் ஏற்பட்ட மனக்கசப்பு அவரை நோயில் தள்ளியது. உடல்நலம் தேற நெடுங்காலம் வெளிநாடுகளில் பயணம் செய்தார். அப்போது துணையாக வந்த ஹாரியட் யார்க் கடைசிவரை உடனிருந்தார். இருவரும் கெண்ட் மாவட்டத்தில் கிராக்கம் ஹில் என்ற சிற்றூரில் வீடு கட்டிக்கொண்டார்கள்.

இறுதி ஆண்டுகளிலும் அவர் பணம் திரட்டுவதை விடவில்லை. கிராக்கம் ஹில்லுக்கு அருகிலுள்ள மாரினர்ஸ் ஹில் என்ற குன்றைப் பொதுமக்களுக்காக வாங்குவதே கடைசிப் பணியாக இருந்தது. 1912 ஆகஸ்ட் 13ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். மன்னர்களும் பெரும்புலவர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தினர் மறுத்துவிட்டு, கிராக்கம் ஹில் தேவாலய முற்றத்தில், தங்கை மிராண்டாவை அன்புடன் வழிநடத்திய அக்காளாக அல்ல, அக்காள் மிராண்டாவின் பக்கத்தில் இளையவராக அவரை அடக்கம் செய்தார்கள்.