பிராட் கோவிலில் கலைந்த மௌனம்

பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை அண்டிய பிரனீஸ் மலையடிவாரத்தில் பிராட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தினுள் நீங்கள் நுழைந்தால், பீடத்தின் பின்னே சுவரை நிறைத்து உயர்ந்து நிற்கும் மரச் சிற்ப வேலைப்பாடு உங்களைத் தடுத்து நிறுத்தும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோசப் சுன்யேர் என்னும் கற்றலோனியச் சிற்பி ஆக்கியது அது. ஆயினும் இக்கோவிலின் பெயர் உலகெங்கும் பரவக் காரணமானவர் ஓர் அகதி. செலோ வாத்தியத்தின் மாமேதையான பாப்லோ காசல்ஸ்.

அவர் 1876 டிசம்பர் 29ஆம் திகதி, கற்றலோனியாவிலுள்ள எல் வென்றெல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை கார்லெஸ் அவ்வூர்ப் பங்குக் கோவிலில் ஒர்கன் வாசிப்பவர். பாடகர் குழுவைப் பழக்குபவரும் அவரே. ஐந்து வயதில் மகனும் அக்குழுவிற் பாடினான். வருமானம் குறைந்த குடும்பம். ஆதலால் மகனைத் தச்சுத் தொழிலுக்கு விடவே தந்தை எண்ணினார். தாய் பிலார் இணங்கவில்லை. 1888இல் பதினொரு வயது மகனை அழைத்துக்கொண்டு, இசை பயிலப் பார்சலோனா நகருக்குச் சென்றார். அங்கே 1890இல், பழைய இசைநூல்கள் விற்கும் கடையொன்றில், யொகான் செபஸ்தியான் பாக் தனிச் செலோவுக்கென இயற்றிய ஆறு தொகுப்புகள் சிறுவனின் கைக்கு எட்டின. அவற்றைப் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே சபையில் வாசிக்கத் துணிந்தார் அவர்.

அதன் பின் புகழ் தேடி வந்தது. அரச மாளிகைகள் அழைத்தன. 1920இல் பார்சலோனாவில் சொந்தமாக ஓர் இசைக்குழுவை அமைத்து, தொழிலாளரும் நல்லிசை கேட்க வழிசெய்தார்.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அதில் ஏறத்தாழ 7,000 குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டதை நாம் மறத்தலாகாது. அதனாலேயே கத்தோலிக்கர் பலர் தளபதி பிராங்கோவின் பக்கம் நின்றனர். காசல்ஸ் மக்களாட்சியின் பக்கம் நின்றார். 1939இல் பிராங்கோ வென்றபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் எல்லை கடந்து பிரான்சுக்கு ஓடினர். கடற்கரை மணலில், முட்கம்பி வேலிக்குள் அவர்களுட் பலர் அடைக்கப்பட்டனர். காசல்ஸ் பிராட் ஊரிலே தங்கி, அம்முகாம்களுக்கு உணவும் உடையும் கொண்டு சென்றார். உதவி கேட்டு ஓயாது கடிதங்கள் எழுதினார். பேர்லினில் வந்து வாசிக்குமாறு ஜெர்மானியர் அழைத்தபோது மறுத்துவிட்டார்.

1945இல் உலக யுத்தம் ஓய்ந்தது. வென்ற நாடுகள் தம் மக்களுக்கும் விடுதலை பெற்றுத் தருமென நம்பினார். அந்நாடுகளோ பிராங்கோவின் ஆட்சியைத் தொடரவிட்டன. அன்று அவர் எடுத்த முடிவு கடுமையானது: இனிப் பொதுமேடையில் வாசிப்பதில்லை. தமக்கு அளிக்க விரும்பிய கௌரவப் பட்டங்களையும் ஏற்கவில்லை. வாசகரே, எழுபதை நெருங்கும் கலைஞன் ஒருவன் எஞ்சிய ஆண்டுகளை மௌனத்துக்குக் கொடுப்பது எத்தகைய இழப்பு என எண்ணிப் பாருங்கள்!

1950ஆம் ஆண்டு பாக் இறந்து 200 ஆண்டுகள் நிறைவெய்தின. அலெக்சாண்டர் ஷ்னைடர் என்னும் வயலின் கலைஞர் ஒரு வழி கண்டார். காசல்ஸ் வெளியே வரமாட்டார் என்றால், இசைக் கலைஞர்கள் அவரிடம் செல்லட்டும். அவ்வாறே ஐசாக் ஸ்டேர்ண், ருடோல்ப் சேர்க்கின் போன்றோர் அச்சிற்றூரில் ஒன்றுகூடினர். யூன் 2ஆம் திகதி, புனித இராயப்பர் ஆலயத்தில், 73 வயதுக் காசல்ஸ் தமது செலோவுடன் அமர்ந்தார். சிறுவயதிற் கண்டெடுத்த அத்தொகுப்புகளில் முதலாவதை வாசித்தார். கோவிலென்பதால் எவரும் கைதட்டவில்லை.

விழா பின்னர் அருகிலுள்ள குக்சா புனித மிக்கேல் மடத்துக்கு மாறியது. இன்றும் கோடைதோறும் தொடர்கிறது. ஆலயங்களில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகள் பற்றி வத்திக்கான் 1987இல் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. இடத்தின் புனிதத்துக்கு ஒவ்வும் இசைக்கே அங்கு இடமுண்டு என்பது அதன் சாரம். பிராட் அதற்கு முன்னரே நல்ல எடுத்துக்காட்டாய் விளங்கியது எனலாம்.

பாலன் யேசுவின் பிறப்பைப் பற்றித் தாம் இயற்றிய பெரும் இசைப் படைப்பை 1960இல் அரங்கேற்றிய காசல்ஸ், சமாதானத்துக்காக நாடு நாடாக அதை நடத்தினார். 1973 அக்டோபர் 22ஆம் திகதி, தாய் பிறந்த புவேர்ட்டோ ரிக்கோவில், 96ஆம் வயதில் காலமானார். பிராங்கோ அப்போதும் ஆட்சியில் இருந்தார். 1979இலேயே அன்னாரின் உடல் சொந்த ஊருக்குத் திரும்பியது.

வாசகரே, இந்த நெடிய வாழ்வு பங்குக் கோவிலின் பாடகர் குழுவிலே தொடங்கியது. நீண்ட மௌனம் கலைந்ததும் பங்குக் கோவிலிலேயே. உங்கள் பங்கிலும் சனிக்கிழமை மாலையில் பிள்ளைகள் பாட்டுப் பழகுவார்கள். சுருதி தவறுகிறதென்று சிரித்துவிடாதீர்கள். பாடவும் பழகட்டும், நீதிக்காகத் தம் நலத்தை இழக்கவும் பழகட்டும். இரண்டாவதைக் கற்பிக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நீங்களே.